கித்தேரி முத்துவும் வாய்மொழி வரலாறும்

இன்று நான் கித்தேரி முத்துவைப் பற்றிப் பேசுகிறேன்.

வடசென்னைக் குத்துச்சண்டை வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது. கையுறை, சுற்று, நாக் அவுட் எல்லாமே அவர்களுடையவை. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த உழைக்கும் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்தார்கள். இந்தப் பரம்பரை ரத்த வழி வருவதல்ல, வாத்தியார் வழி வருவது. சிலம்பக் கூடத்தின் மரபுதான் ரிங்குக்குள் ஏறியது என்று நான் நினைக்கிறேன்.

1940களில் நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்தியர் நம் வீரர்களை வரிசையாக வீழ்த்தினார். அவரைத் தோற்கடித்தவர் சார்பட்டாவின் முத்து. வெள்ளையர் ஆட்சி முடியாத காலம் அது. வீதியில் நிமிர்ந்து பேச முடியாதவர்களுக்கு அந்தக் கயிற்றுக்குள் மட்டும் சமமான விதி இருந்தது. முத்துவின் வெற்றி ஒரு பகுதி மக்களின் வெற்றியாக ஆனது இதனால்தான்.

1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதே இருவரும் 1971ல் ஹூஸ்டனில் மோதியதில் 12ஆவது சுற்றில் எல்லிஸ் தோற்றார். அந்தச் சண்டைக்குப் படச்சுருளே இருக்கிறது. முத்துவின் பெயரைக் காப்பாற்றி வந்ததோ டீக்கடைப் பேச்சும் வாத்தியார்களின் நினைவும்தான். 2021ல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகு பலர் அந்தப் பெயரைக் கேட்டார்கள்.

சினிமா தன் கதையைச் சொல்லிவிட்டது. மூத்த வாத்தியார்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்வது நம் வேலை.