முறத்துக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் தவறாமல் கேட்ட கேள்வி: "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா?" தெரியும் என்றால் அடுத்த கேள்வி, "நாளைக்கு எத்தனை சுத்துவா?" முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம் என்று தாமிரபரணிக் கரையிலும் அதைத் தாண்டிய வானம் பார்த்த ஊர்களிலும் சுற்றிக் கொடுத்த பீடியைக் குறித்துவைக்கும் பீடிக்கடை பாஸ்புக் நகைநட்டோடு சேர்ந்த சீதனம். கல்யாணமாகிப் போகிறவள் தன் கணக்கைப் புகுந்த ஊர்க் கடைக்கு மாற்றிக்கொள்வாள். என் அம்மா அப்படி மாற்றிக்கொண்டு வந்தவள். நான் இன்று பள்ளி ஆசிரியை. எனக்குப் படிப்புக்கட்டணம் கட்டியது அந்த பாஸ்புக்தான். அதனால் இந்தத் தொழிலின் கதையை முதலாளிகள் பக்கமிருந்து சொல்ல எனக்கு விருப்பமில்லை. கைப்பிள்ளையோடு வீட்டுக்குள் இருந்த பெண்ணின் பக்கமிருந்து சொல்கிறேன்.

பீடிக்கு வேண்டியது எதுவும் நெல்லைச் சீமையில் விளைவதில்லை. இலை மத்தியப் பிரதேசம், ஒடிசாக் காடுகளிலிருந்து வருகிறது. புகையிலைத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வருகிறது. எங்கள் ஊர் கொடுத்தது விரல்களை மட்டும்தான். சுதேசி இயக்கக் காலத்தில் சீமைச் சிகரெட்டை விட்டவர்கள் பீடிக்கு மாற, நாடு முழுக்க அந்த வியாபாரம் பெருகியது. பிறகு முக்கூடலிலிருந்து சொக்கலால் ராம்சேட் பீடியும், திருநெல்வேலியிலிருந்து செய்யது பீடி, காஜா பீடியும் பெட்டிக்கடைதோறும் போய்ச் சேர்ந்தன. மேலப்பாளையத்தில் தறி ஓய்ந்த வீடுகளுக்குள் முறம் நுழைந்தது. ஆண்கள் பலசரக்குக் கடை வேலைக்கு மதராசுக்கும் பம்பாய்க்கும் போனார்கள். பெண்கள் பிள்ளைகளோடு ஊரில் இருந்தார்கள்.

ஆனால் பீடி தொடக்கத்திலிருந்தே வீட்டு வேலையாக இருக்கவில்லை. பட்டறைகள் இருந்தன. வரிசையாக உட்கார்ந்து ஆண்கள் சுற்றினார்கள். கண்ணூர்ப் பட்டறைகளில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கம்கூட இருந்தது. பட்டறை என்றால் வேலை நேரம், காற்றோட்டம், விடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சட்டம் கேட்கும். 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 1958-இல் சென்னை மாநிலம் பீடிப் பட்டறைகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. சட்டம் பட்டறையைத் துரத்தத் துரத்த, வேலை பட்டறையை விட்டு வெளியேறியது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஒரு கடைக்காரர் முளைத்தார். இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுப்பார், மாலையில் பீடியை எண்ணி வாங்குவார். முதலாளிக்குக் கூரை வேண்டாம், விளக்கு வேண்டாம், பாய்கூட வேண்டாம். எல்லாம் எங்கள் வீட்டில் இருந்தன.

கைப்பிள்ளையை விட்டு வயல் வேலைக்கோ மில்லுக்கோ போக முடியாதவள் யார் என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்திருந்தது. அவளைத் தேடித்தான் அது வீடு வீடாக வந்தது.

அம்மாவின் நாள் முந்தின இரவே தொடங்கிவிடும். இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பாள். விடியற்காலம், தம்பி எழுவதற்குள், அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் இலை வெட்டி முடித்துவிட வேண்டும். பிள்ளை தவழத் தொடங்கிவிட்டால் கத்தரியைக் கையில் எடுக்க முடியாது. பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்குவாள். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. உத்திரத்தில் சேலைத் தொட்டில் தொங்கும். அதன் கயிறு அவள் வலது கால் கட்டைவிரலில் இருக்கும். தம்பி சிணுங்கினால் கால் ஆடும், கை நிற்காது. பாலுக்கு அழுதால் மட்டும் எழுந்து போய்ச் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். எத்தனை கழுவினாலும் தூள் நெடி போகாது. "பிள்ளைக்கு மூச்சு முட்டுது, தொட்டில அங்கிட்டு மாத்துளா" என்று ஆச்சி சத்தம் போடுவாள். ஒரே அறை வீட்டில் எங்கே மாற்றுவது?

மத்தியானத்தில் மைனி, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று ஆளுக்கொரு முறத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். இலங்கை வானொலி பாடும். யாருடைய பிள்ளை அழுதாலும் பக்கத்தில் இருப்பவள் தூக்குவாள். அந்தத் திண்ணையை நான் சந்தோஷமாகவே நினைத்துக்கொள்கிறேன். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் கூலிக் கணக்கு. சோறு பொங்கி, தண்ணீர் சுமந்து, பிள்ளை பார்க்கிறவளுக்கு ஆயிரம் என்பது விளக்கு வைத்த பிறகும் இழுக்கும். கடையில் கொண்டுபோய்க் கொட்டினால் சரியில்லை என்று ஒரு பங்கைக் கழிவில் தள்ளுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. இலை குறைந்தால் சொந்தக் காசில் வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

1966-இல் நாடு முழுவதற்குமான பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பெண்கள் அதிகமாக வேலை செய்யும் பட்டறையில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்று வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு அறை ஒதுக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. பட்டறையில் இருந்தால்தான் அந்த அறை. அம்மாவுக்கோ அந்த அறையும் ஆயாவும் அவளேதான், சம்பளம் இல்லாமல்.

சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேரளம் முனைந்தபோது, 1968-இல் கண்ணூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனிகள் கடையைக் கட்டிக்கொண்டு கர்நாடகத்துக்குப் போயின. வேலையிழந்தவர்கள் 1969-இல் கூட்டுறவாகச் சேர்ந்து தினேஷ் பீடியைத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒன்று பெரிதாக எழவில்லை. திண்ணை திண்ணையாகச் சிதறிக் கிடந்த பெண்களைச் சங்கமாக்குவது பட்டறை ஆண்களைச் சேர்ப்பதைவிடக் கடினமான காரியம். முதலாளிகள் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் அடையாள அட்டை, மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை எல்லாம் வந்தன. எட்டாம் வகுப்பில் அந்த உதவித்தொகையில்தான் எனக்கு முதன்முதலாகப் புது நோட்டுகள் கிடைத்தன.

இவற்றையெல்லாம்விடப் பெரியதாக நான் மதிப்பது 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் கம்பெனியின் தொழிலாளிதான், அவளுக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 'சும்மா இருக்கிற நேரத்துல சுத்துறாங்க' என்று ஊர் பேசிவந்த வேலையை, வேலை என்று எழுதிக்கொடுத்த காகிதம் அது.

அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டம் மறுபடியும் வாசலில் நின்றுவிட்டது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் சிறுவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்கு கொடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நுனி மடக்கிய தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த விலக்குக்குள் அடங்கிப்போனோம். என்னோடு ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய தோழி ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்கு அடுத்த பிள்ளை பிறந்திருந்தது, கடைக் கணக்கைக் குறையாமல் காக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு, அந்தக் காசு அம்மாவுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அவளுக்குச் செய்யும் அநியாயம். சீட்டுக் கட்டியது, எனக்குத் தோடு எடுத்தது, அப்பா பம்பாயிலிருந்து பணம் அனுப்பாத மாதங்களில் அரிசி வாங்கியது எல்லாம் அதில்தான். புருஷன் கையை எதிர்பார்க்காமல் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுக்க முடிந்த பெண்ணுக்குத் தெருவில் ஒரு குரல் இருந்தது. கழுத்து வலியும் முதுகு வலியும் இருமலும் அதே வேலையில் வந்தவைதான். அம்மா இரண்டையும் சேர்த்தே பேசுவாள், ஒன்றை மட்டும் பேசமாட்டாள்.

பீடி இப்போது இறங்குமுகம். 2003-இன் புகையிலைச் சட்டத்தையும், 2016-இல் 85 விழுக்காட்டுக்கு விரிந்த எச்சரிக்கைப் படத்தையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். புகைத்துச் செத்தவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு விதித்தார்கள். நலநிதிக்கென்று வசூலித்துவந்த தனித் தீர்வையும் அதோடு போயிற்று.

எங்கள் தெருவில் இளம் தாய்மார்கள் இப்போது நைட்டி தைக்கிறார்கள். வெட்டிய துணி கட்டாக வருகிறது, உருப்படிக்கு இத்தனை என்று கூலி. மிஷினும் கரண்டும் நூலும் அவர்களுடையது. தொட்டில் அதே உத்திரத்தில்தான் தொங்குகிறது. போன மாதம் தம்பி மனைவியிடம் கேட்டேன், துணி கொடுக்கிறவர் பாஸ்புக் மாதிரி ஏதாவது போட்டுத் தருகிறாரா என்று. "அதெல்லாம் கிடையாது மைனி, வாட்ஸ்அப்ல கணக்கு" என்றாள். அன்றன்றைக்குக் கொடுத்த உருப்படிகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவள் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.