சவுத்வெல்: பாதிரியார் செய்த இரண்டு காரியங்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்றொரு சிறு சந்தை நகரம். 1108இல் கட்டத் தொடங்கிய மின்ஸ்டர் தேவாலயம், அதன் 13ஆம் நூற்றாண்டு மண்டபத்தில் கல்லில் செதுக்கிய இலைகள், 1646இல் முதலாம் சார்லஸ் ஸ்காட்டியப் படையிடம் சரணடையுமுன் வந்திறங்கிய விடுதி என்று பெருமைகள் நிறைய. ராஜா கால் வைத்த இடமென்றால் வரலாறு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது வேறொரு ஆளை: ஜான் தாமஸ் பெக்கர். பாதிரியார், நீதிபதி.

இளம் பைரன் தாயோடு இவ்வூரில் இருந்தபோது, 1806இல் தன் முதல் கவிதைத் தொகுதியை அச்சிட்டான். அதிலொரு காமக் கவிதை பெக்கருக்கு ஆகவில்லை. பைரன் பிரதிகளை எரித்தான், ஒருசிலதான் தப்பின.

அதே பெக்கர்தான் 1824இல் ஊருக்கு வெளியே ஏழைகளுக்கான வேலை இல்லத்தைக் கட்டுவித்தார். 49 ஊர்களுக்குப் பொதுவாக, 158 பேருக்கு. ஆண், பெண், குழந்தைகள் தனித்தனி. புருஷன் பெண்டாட்டியும் பிரிய வேண்டும். வேலை செய்யத் தெம்புள்ளவர்கள் ஒருபுறம், முதியோரும் நோயாளிகளும் மறுபுறம். நடுவில் மேலாளரின் குடியிருப்பு. அங்கிருந்து முற்றங்கள் கண்ணில் படும். ஃபூக்கோ படித்தவர்களுக்கு இந்தக் கட்டடம் புதிதாக இருக்காது.

இங்கே ஏழ்மை ஒரு குற்றமாக எழுதப்படுகிறது. உதவி உண்டு, ஆனால் கேட்கவே கூசுகிற மாதிரி அது இருக்க வேண்டும். 1834இன் புதிய ஏழைகள் சட்டம் நாடு முழுக்கப் பரப்பிய இந்தத் தர்க்கத்துக்கு சவுத்வெல் ஒரு முன்மாதிரி. ஆசையை நெருப்பிலும் பசியைச் சுவருக்குள்ளும் போட்டது ஒரே ஒழுக்கம்தான். இரண்டையும் நல்லெண்ணம் என்றே அது நம்பியது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஊரின் ஆப்பிள் கதையையும் இதோடு வைத்துப் பாருங்கள். 1809இல் விதை போட்டவள் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற பெண். 1846இல் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்காரர் பிராம்லியின் பெயர்தான் பழத்துக்கு. நட்டவளுக்கு அல்ல, சொத்து வைத்திருந்தவருக்கு.

வேலை இல்லத்தை நேஷனல் டிரஸ்ட் 1997இல் வாங்கி, 2002இல் காட்சிக்குத் திறந்தது. போக வழியற்றவர்கள் தலைகுனிந்து நுழைந்த வாசலில் இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைகிறோம். போகட்டும், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 'அந்தக் காலத்துக் கொடுமை' என்று சொல்லிவிட்டு வெளியே வருவது சுலபம். உதவி கேட்டு வரிசையில் நிற்பவரிடம் 'நீ இதற்குத் தகுதியா?' என்று கேட்கிற அந்தக் குரல் இன்னும் ஓயவில்லையே.