நுண்துளை காட்டும் மரம்: பெரெனிக்கேத் தேக்கும் தமிழகக் கடல்வணிக வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

எகிப்தின் பெரெனிக்கே துறைமுகத்தில் கிடைத்த தேக்கு, பண்டைத் தமிழகக் கடல்வணிகத்திற்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. மரத்தின் துளை, கதிர், இழையோட்டம் ஆகியவற்றைக் கொண்டு இனங்காணும் முறை எதை உறுதியாகக் கூறும், எதைக் கூறாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மரத்தின் இனம் வேறு, அது வெட்டப்பட்ட இடம் வேறு. இரண்டையும் இணைப்பதற்கு அம்மரத்தின் இயற்கைப் பரவலை அறிதல் இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மர உடற்கூறு, தேக்கு, பெரெனிக்கே, பட்டணம், காழ்

முன்னுரை

எகிப்தின் செங்கடற்கரையில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி நிறுவிய துறைமுகம் பெரெனிக்கே. 1994 முதல் ஸ்டீவன் சைட்பாதம், வில்லெக்கே வென்ட்ரிக் ஆகியோர் தலைமையில் அங்கு நடைபெற்ற அகழாய்வுகள் தமிழக வரலாற்றுக்குப் பயன்படும் சான்றுகள் சிலவற்றை அளித்தன. கொற்றன் என்னும் தலைவனின் பெயரைக் கொண்டதாகக் கருதப்படும் தமிழ்-பிராமிப் பானையோடு ஒன்று. செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியச் சேமிப்புத் தாழியொன்றில் இருந்த 7.55 கிலோகிராம் கருமிளகு மற்றொன்று. மூன்றாவது தேக்கு மரம். பழைய கப்பல்களைப் பிரித்து எடுத்தவை எனக் கருதப்படும் தேக்குச் சட்டங்கள் அந்நகரின் கட்டடங்களில் மறுபயன்பாடு பெற்றிருந்தன. பானையோட்டில் எழுத்து உண்டு. மரத்தில் எழுத்து இல்லை. ஆகவே அதனைத் தேக்கு என்று துணிந்த முறையை முதலில் அறிய வேண்டும்.

காழ் என்னும் பகுப்பு

மரத்தின் உள்ளமைப்பை நோக்கி வகைப்படுத்தும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், காழ் எனப்படும் வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும் அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் பகுக்கிறது. பனை, தெங்கு, மூங்கில் முதலியவை புல்லினுள் அடங்கும். இப்பகுப்புக்கு உடற்கூற்று அடிப்படை உண்டு. பனையின் சாற்றுக்குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடப்பினும் விளிம்பில் செறிந்துள்ளன. நடுவில் மென்மையான சோறே மிகுதி. பனங்கைக்கு விளிம்புப் பகுதியைத் தச்சர் தேர்ந்தெடுப்பது இதனாலேயே. தேக்கு, வேங்கை போன்றவற்றிலோ வெளிப்புறம் வெளிறாக இருக்க, நடுப்பகுதி நிறமேறி வயிரம் பாய்கிறது.

எனினும் மரபியலின் நோக்கம் பெயர்வழக்கை வரையறுத்தல் ஆகும். புல், மரம் என்ற பெருவகைகளை அது பிரிக்கிறது. ஒரு மரத்துண்டு தேக்கா வேங்கையா என்ற வினா அதன் எல்லைக்குள் வாராது.

நுண்துளையும் கதிரும்

அவ்வினாவுக்கு விடை குறுக்குவெட்டில் உள்ளது. மரத்தின் வெட்டுமுகத்தைக் கூரிய கத்தியால் சீவி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் நோக்கினால் சாற்றுக்குழாய்களின் வாய்கள் நுண்துளைகளாகத் தோன்றும். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெருந்துளைகள் வரிசையாக அமைகின்றன. பின்னர் வருபவை சிறியவை. இதனால் வளையம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. சந்தனத்தின் துளைகள் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அளவுக்கு நுண்ணியவை. தோதகத்தியில் துளைகள் சிதறி அமைகின்றன. நீளவாக்கில் சீவிய முகத்தில் சிற்றலை போன்ற வரிகள் தோன்றுகின்றன. தேவதாரு ஊசியிலை மரமாதலின் அதில் துளைகளே இல்லை.

நிறமும் மணமும் புதுமரத்தில் உதவும். மண்ணில் பல நூற்றாண்டு கிடந்தபின் அவை மாறலாம், மறையலாம். துளைகளின் அமைப்போ மரம் கரியான பின்னும் பெரிதும் எஞ்சுவது. அகழாய்வுக்கு இம்முறை ஏற்றதாவதன் காரணம் இதுவே.

இந்தியாவில் இவ்வறிவு முறைப்பட்டது வனத்துறை வழியாக. சென்னை மாகாணத்திலும் பணியாற்றிய ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் 1881இல் இந்திய மரங்கள் பற்றிய கையேட்டை வெளியிட்டு, 1902இல் திருத்திப் பதிப்பித்தார். துளை, கதிர் ஆகியவற்றின் விவரிப்பு அதில் மரந்தோறும் இடம்பெற்றது. 1906இல் தேராதூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. விற்பனை மரத்தை அறிவதற்கு வளர்ந்த இக்கலையை அங்குப் பணியாற்றிய கே.ஏ. சௌத்ரி தொல்லியலுக்குப் பயன்படுத்தினார். 1946இல் ஹரப்பாவில் அகழ்ந்த சவப்பெட்டியின் எச்சத்தில் தேவதாரு இனங்காணப்பட்டது. தேவதாரு மேற்கு இமயமலைச் சார்பில் வளர்வது. ஹரப்பா சமவெளியில் உள்ளது. எனவே மலைமரம் சமவெளிக்கு வந்தது என்ற முடிவு பெறப்பட்டது.

பெரெனிக்கேத் தேக்கு கூறுவது

ஹரப்பாவுக்குப் பொருந்திய தருக்கத்தைப் பெரெனிக்கேக்கு அப்படியே பொருத்த இயலுமா? ஒரு பகுதி பொருந்தும். எகிப்தில் தேக்கு இயற்கையாக வளர்வதில்லை. ஆகவே அது கடல் கடந்து வந்தது என்பது உறுதி. ஆனால் தேக்கின் இயற்கைப் பரவல் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நடு இந்தியாவிலும் குஜராத்தின் தென்பகுதியிலும், இந்தியாவுக்கு அப்பால் மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் நாடுகளிலும் அது வளர்கிறது. இவற்றுள் எக்காட்டில் வெட்டப்பட்டது என்பதைத் துளை அமைப்பு மட்டும் காட்டாது.

எழுத்துச் சான்றும் எச்சரிக்கை தருகிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல், பாரிகாசா என்னும் பரூச் துறையிலிருந்து பாரசீக வளைகுடாவிற்கு மரங்கள் சென்றதைக் குறிக்கிறது. முசிறி முதலிய சேர, பாண்டியத் துறைகளின் ஏற்றுமதிப் பட்டியலில் மிளகும் முத்தும் தந்தமும் உள்ளன, மரம் இல்லை. மேலும், கப்பலாக வந்த மரம் விற்பனைச் சரக்காக வந்தது என்று கொள்வதற்கில்லை. கப்பல் கட்டிய துறை ஒன்றாகவும், மரம் வெட்டிய காடு வேறொன்றாகவும், கப்பலைச் செலுத்தியோர் மூன்றாம் நிலத்தவராகவும் இருந்திருக்கலாம்.

இதற்கு மாறான நிலையைக் கேரளத்தின் பட்டணத்தில் காணலாம். 2007இல் அங்கு வெளிப்பட்ட ஏறத்தாழ 6 மீட்டர் நீள ஓடம் அயினி மரத்தால் ஆனது. அயினி மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கே உரியது. பரவல் குறுகியதாதலின், இம்மரத்தின் பெயரே நிலத்தையும் சுட்டிவிடுகிறது. இரு சான்றுகளும் ஒரே முறையால் பெறப்பட்டவை. அவற்றின் வரலாற்று வலிமை மட்டும் வேறுபடுகிறது.

இலக்கியப் பெயரை அகழ்மரத்துக்குச் சூட்டும்போதும் இத்தகைய கவனம் தேவை. கருங்காலி என்னும் ஒரு சொல் தமிழில் ஒன்றற்கு மேற்பட்ட மரவினங்களைக் குறிக்கிறது. பெயர் ஒன்றாயிருப்பதால் மரமும் ஒன்றே எனக் கொள்ளல் ஆகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. துளையும் கதிரும் மரத்தின் இனத்தை அறிவிக்கும் நம்பகமான அடையாளங்கள். இனத்திலிருந்து இடத்தை உய்த்தறிய அம்மரத்தின் பரவல் குறுகியதாக இருத்தல் வேண்டும். பெரெனிக்கேத் தேக்கு இந்தியப் பெருங்கடல் தொடர்புக்கு வலிய சான்று. தமிழகத் தொடர்புக்கு அது துணைச்சான்றே. அத்தொடர்பைத் தமிழ்-பிராமிப் பானையோடு தன்னளவிலேயே நிறுவுகிறது. வலிய சான்று கையிலிருக்க, மெலிந்த சான்றின்மேல் மிகுபாரம் ஏற்றுவது வலியதையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். தமிழக அகழிடங்களில் கிடைக்கும் மரமும் கரியும் முறையாக இனங்காணப்பட்டு, அவற்றின் குறுக்குவெட்டுப் படங்களுடன் அறிக்கைகளில் பதிவுபெறின், இத்துறையின் முடிவுகள் மேலும் உறுதிபெறும்.