தொலைக்காட்சியும் ஆற்றொழுக்கும்

உலகிற்குப் புதிதாக ஒரு பொருள் வரும்பொழுது, அதற்குரிய சொற்கள் உடன்பிறந்து வருவதில்லை. பழைய பொருள்களுக்கு வழங்கிய சொற்களையே மக்கள் எடுத்துப் புதியதற்குச் சூட்டுகின்றனர். இவ்வாறு கடன் வாங்கிய சொல் புதிய பொருளை ஓரளவு விளக்கும். ஓரளவு மறைக்கவும் செய்யும். தொலைக்காட்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கருவி தோன்றிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே, அதன் இயல்பை ஆராய்வதற்கேற்ற ஒரு சொல் கிடைத்தது. அச்சொல் பிறந்த வரலாறு மாணவர் யாவரும் அறியத்தக்கது.

'டெலிவிஷன்' என்னும் பெயர் கருவிக்கு முன்னரே பிறந்துவிட்டது. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற அனைத்துலக மின்சார மாநாட்டில், கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்னும் ரஷ்யர் படித்த கட்டுரையில் அச்சொல் ஆளப்பெற்றது. அதன் முற்பாதி கிரேக்கம், பிற்பாதி இலத்தீன். முன்னது தொலைவையும் பின்னது காண்டலையும் குறிக்கும். 'தொலைக்காட்சி' என்னும் தமிழ்ச்சொல்லும் அவ்வழியே அமைந்தது. ஜான் லோகி பேர்ட் என்பார் இலண்டனில் அறிஞர் முன்னிலையில் தம் கருவியை இயக்கிக் காட்டியது 1926 ஜனவரி மாதத்தில். பி.பி.சி. நிறுவனம் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது 1936 நவம்பர் 2-ஆம் நாள்.

ஒளிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் கழனியிலிருந்து வந்தது. விதையைக் கையால் வீசித் தெளிப்பதற்கு அது பெயர். விதைப்பவன் ஒருவன், விதை விழும் இடமோ பல. இவ்வுவமை முதலில் வானொலிக்கு ஆகி, பின்னர்த் தொலைக்காட்சிக்கும் உரியதாயிற்று. தமிழில் முன்னதனை ஒலிபரப்பு என்றும் பின்னதனை ஒளிபரப்பு என்றும் வழங்குவர். லகர ளகர வேறுபாடு ஒன்றே இரண்டையும் பிரித்து நிற்கிறது. உச்சரிப்பு வழுவினால் பொருளும் வழுவும். இனி, 'நிகழ்ச்சி' என்பதற்கு ஈடான 'புரோகிராம்' என்னும் சொல் நாடக அரங்கிலும் இசையரங்கிலும் அவையோர்க்கு வழங்கப்பெறும் நிரல்தாளிலிருந்து வந்தது.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் ஒரு சிக்கல் இருந்தது. அரங்கில் நாடகம் முடிந்தால் திரை விழும். மக்கள் எழுந்து வீடு செல்வர். தொலைக்காட்சியில் அத்தகைய முடிவு இல்லை. எனினும் அதனைத் திறனாய்வு செய்தோர், நாடகத்தை ஆராய்ந்த பழக்கத்தால், தனித்தனி நிகழ்ச்சிகளையே எடுத்துப் பேசினர். அந்நிகழ்ச்சிகளுக்கு இடையே வருவது எது, அவை ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்று கேட்டவர் அரியர்.

இவ்வினாவை எழுப்பியவர் ரேமண்ட் வில்லியம்ஸ். அவர் 1921-இல் வேல்ஸ் நாட்டின் எல்லையோரத்துச் சிற்றூராகிய பாண்டியில் பிறந்தார். தந்தையார் இரயில்வேயில் கைகாட்டி இயக்கும் தொழிலாளி. கேம்பிரிட்ஜில் கற்ற வில்லியம்ஸ், 1946 முதல் 1961 வரை, பல்கலைக்கழக வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாத முதியோர்க்கு வகுப்பு நடத்தும் ஆசிரியராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் நாடகத்துறைப் பேராசிரியரானார். 1968 முதல் 1972 வரை 'தி லிசனர்' இதழில் தொலைக்காட்சி பற்றித் தொடர்ந்து எழுதினார்.

பின்னர் அவர் கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கா சென்றார். மியாமி நகரில் ஓர் இரவு தொலைக்காட்சியில் திரைப்படம் ஒன்றைக் காணத் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் நிகழும் குற்றம் பற்றிய கதை அது. அடிக்கடி விளம்பரங்கள் குறுக்கிட்டன. வேறு நாள்களில் காட்டப்பட இருந்த இரண்டு படங்களின் துணுக்குகளும் இடையே வந்தன. ஒன்று பாரிஸ் நகரத்துக் காதல், மற்றொன்று நியூயார்க்கை அழிக்கும் பூதவிலங்கு. எது கதை, எது விளம்பரம், எது முன்னறிவிப்பு என்று பிரிக்க இயலாமல் எல்லாம் ஒன்றாகி ஓடின. இங்கிலாந்தில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரங்களை நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் 'இயல்பான இடைவெளி'களிலும் மட்டுமே அனுமதித்திருந்தது. அதனால் அங்கு அவை இடையூறாகவே கருதப்பட்டன. மியாமியில் கண்டதோ இடையூறன்று. அதுவே அமைப்பு என்று வில்லியம்ஸ் உணர்ந்தார். 1974-இல் வெளிவந்த தம் தொலைக்காட்சி நூலில் இதற்கு 'ஃபுளோ' என்று பெயரிட்டார்.

இதனைத் தமிழில் ஆற்றொழுக்கு எனலாம். நன்னூலில் பவணந்தி முனிவர் சூத்திர நிலைகளை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக வகுத்தார். ஆற்றுநீர் இடையறாது ஓடுவது போல, ஒரு சூத்திரம் அடுத்ததனோடு பொருளால் தொடர்ந்து செல்வது ஆற்றொழுக்கு. ஆனால் ஒரு வேறுபாடு ஈண்டுக் கருதத்தக்கது. இலக்கணத்தில் பொருள் தொடர்பு இருப்பதால் ஒழுக்கு உண்டாகிறது. தொலைக்காட்சியிலோ பொருளால் தொடர்பில்லாதவை ஒழுகவைக்கப்படுகின்றன. போர்ச்செய்தியை அடுத்துச் சவர்க்கார விளம்பரம் வருகிறது. அதனை அடுத்து நகைச்சுவை. காண்பவர் எழுந்து போகாமலும் வேறு அலைவரிசைக்கு மாறாமலும் மாலை முழுதும் இருக்கவேண்டும் என்பதே நிலையத்தார் நோக்கம்.

வில்லியம்ஸ் வெறும் உவமையோடு நின்றாரில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் ஐந்து அலைவரிசைகளை 1973-இல் ஒப்பிட்டார். ஒழுக்கினை மூன்று படிகளில் ஆராய்ந்தார்: ஒரு மாலையின் நிகழ்ச்சி நிரல், அடுத்தடுத்து வரும் உருப்படிகள், ஒவ்வொன்றினுள்ளும் வரும் சொற்களும் படங்களும். இம்முறையை இன்றும் ஒரு மாணவன், தாளும் எழுதுகோலும் கொண்டு, தன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இக்கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. 1982-இல் ஜான் எல்லிஸ், தொலைக்காட்சியின் அடிப்படை ஒழுக்கன்று, துண்டே என்றார். ஏறக்குறைய ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத சிறு துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பது அவர் கருத்து. திரையரங்கில் மக்கள் உற்று நோக்குகின்றனர். வீட்டிலோ வேலைக்கிடையே பார்வையை ஓடவிடுகின்றனர் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். இதனைத் தவளைப் பாய்த்து எனலாம் போலும்!

சொற்போராக மட்டும் இதனைக் கருதுவது தவறு. 1964-இல் கனடா நாட்டறிஞர் மார்ஷல் மக்லூகன், ஊடகத்தின் வடிவமே மனிதரை மாற்றுகிறது என்று எழுதினார். அது முற்றும் உண்மையாயின், மனிதர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. வில்லியம்ஸ் இதனை வன்மையாக மறுத்தார். கருவியைப் பயன்படுத்தும் முறையை வகுப்பவர் மனிதர். ஆகவே அம்முறையை மாற்றவும் மனிதரால் இயலும் என்றார். ஆறு இயற்கையின் படைப்பு. தொலைக்காட்சியின் ஒழுக்கோ வெட்டிய வாய்க்கால். வாய்க்காலை வெட்டியவர் யார், எவர் வயலுக்காக வெட்டினர் என்று கேட்கலாமன்றோ?

வில்லியம்ஸ் 1988-இல் மறைந்தார். இன்று இணையவழியாகத் தொடர்கதை காண்போர்க்கு, ஒரு பகுதி முடிந்தவுடன் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. நிரல்தாள் போயிற்று, ஒழுக்கு போகவில்லை. அதற்கு ஒரு பெயர் உண்டு என்று அறிந்த மாணவன், அதனுள் அடித்துச் செல்லப்படாமல் கரையில் நின்று நோக்கவும் அறிவான்.