கம்பி துளைத்த தலையும் கணக்கில் வராத நஷ்டமும்

பி.காம். படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள். தொழிலாளர் சட்டம் படிக்கப் போய்த்தான் இந்த வரலாற்றில் நுழைந்தேன்.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார் ஃபினியஸ் கேஜ். வெடிமருந்து திடீரென்று வெடித்து, மூன்றரை அடி நீள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பாய்ந்தது. ஆனாலும் ஆள் பிழைத்துவிட்டார்! டாக்டர் ஹார்லோ காயத்தைச் சுத்தம் செய்து, பிறகு கட்டிய சீழையும் கீறி எடுத்தார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது.

ஆனால் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவருடைய குணமே மாறிவிட்டது என்று 1868-ல் ஹார்லோ எழுதினார். அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். ஒழுங்கான அன்றாட வேலையே அவரைத் தேற்றியிருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

அடுத்த பாய்ச்சல் முதல் உலகப் போரில். 1917-ல் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர், மூளைக்குள் போன எலும்புத் துண்டுகளையும் சிதைந்த திசுவையும் கவனமாக அகற்றினார். பாதிக்கு மேல் இருந்த இறப்பு, மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

நம் பக்கம் வருவோம். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருடமே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறோ 1794-க்குப் போகிறது. உயிரைக் காப்பது ஓரிடம், மனதைப் பார்ப்பது வேறிடம்! இரண்டையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது 1974-ல் பெங்களூரில் உருவான நிம்ஹான்ஸ்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், கை போனால் இத்தனை சதவீதம், கண் போனால் இத்தனை சதவீதம் என்று பட்டியல் போட்டது. குணம் மாறிப்போனதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. மருத்துவர் மதிப்பிட்டு எழுதினால்தான் உண்டு.

எங்கள் கண்டமங்கலம் பக்கம் தலையில் அடி என்றால் ஜிப்மருக்கு ஓடுவோம். தையல் பிரித்ததும் "பிழைத்துவிட்டான்" என்று நிம்மதி அடைவோம். அதன் பிறகு அவன் காரணமில்லாமல் கோபப்பட்டால் "திமிர்" என்போம், பேசாமல் உட்கார்ந்தால் "சோம்பேறி" என்போம். அது காயத்தின் மிச்சமாக இருக்கலாம். தையல் பிரித்த பிறகும் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சிகிச்சைக் கணக்கு அதுவரை முடியவில்லை.