சிறுநகரத்தின் கணக்கு: ஓட்டுநரில்லா மெட்ரோவின் ஒரு வரலாறு

ஓட்டுநரில்லா மெட்ரோ குறித்த பேச்சுகள் பெரும்பாலும் எதிர்காலம் பற்றியவையாகவே அமைகின்றன. அதற்கு நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் பாரிசிலோ டோக்கியோவிலோ அல்ல, பிரான்சின் மாகாண நகரங்களில் எழுதப்பட்டது. ஓட்டுநரை நீக்கியது தொழில்நுட்பப் பெருமிதத்துக்காக மட்டுமன்று. சிறிய நகரமொன்று சுரங்க ரயில் கட்டுவதற்கான கணக்கே அதிலிருந்துதான் பிறந்தது என்பது என் வாசிப்பு.

வடபிரான்சின் நெசவாலை நகரமான லீலுக்குக் கிழக்கே, மூன்று ஊர்களை இணைத்து 1970இல் வில்நவ் தாஸ்க் என்னும் புதுநகர் உருவாக்கப்பட்டது. அதனைப் பழைய நகரோடு இணைக்கும் வழி தேவைப்பட்டது. லீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோபேர் கபியார் தானியங்கி வண்டி முறையொன்றுக்கு 1971இல் காப்புரிமை பெற்றார். ஏவுகணைகளும் விண்கருவிகளும் செய்துவந்த மாத்ரா நிறுவனம் அதனை உற்பத்திக்குக் கொண்டுசென்றது. 'வால்' என்ற பெயர் முதலில் புதுநகர், லீல் ஆகிய இரு ஊர்ப்பெயர்களின் எழுத்துகளால் ஆனது. வேறு ஊர்களுக்கும் விற்க வேண்டிய நிலை வந்தபோது, அதே எழுத்துகளுக்கு 'இலகுவகைத் தானியங்கி வண்டி' என்று புதுப்பொருள் கூறப்பட்டது. சந்தை ஓர் ஊர்ப்பெயரை அழித்த விதம் இது.

கணக்கு எளியது. சுரங்க மெட்ரோவின் செலவில் பெரும்பங்கு மண்ணைத் தோண்டுவதிலும் நிலையங்களைக் கட்டுவதிலும் போகிறது. அவை சிறுக்க வேண்டுமானால் வண்டி சிறுக்க வேண்டும். சிறிய வண்டி அதே கூட்டத்தைச் சுமக்க வேண்டுமானால் அடிக்கடி ஓட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டுநர் என்றால், தோண்டுவதில் மிஞ்சிய பணம் சம்பளத்தில் கரைந்துவிடும். ஆகவேதான் ஓட்டுநர் இருக்கை போயிற்று. லீல் வண்டிக்கு இரண்டே பெட்டிகள். நீளம் 26 மீட்டர், அகலம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். நெரிசல் வேளையில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒன்று வரும். பாதையில் விழுந்தவரைக் காண வண்டியில் கண்கள் இல்லை என்பதால், நடைமேடை முழுவதும் கண்ணாடிச் சுவரும் கதவுகளும் வந்தன. ஜப்பானின் கோபே நகரில் செயற்கைத் தீவொன்றுக்கு 1981இலேயே தானியங்கி வண்டி ஓடியது. ஆயினும், நகர மெட்ரோ ஒன்றை முழுமையாக இம்முறையில் இயக்கியது 1983இல் திறக்கப்பட்ட லீல்தான்.

தில்லியில் 2020 டிசம்பரில் தொடங்கிய ஓட்டுநரில்லாச் சேவையோடு இதனை ஒப்பிடலாம். அங்கே ஆறு பெட்டி ரயில் முன்பே இருந்தது; தானியக்கம் பின்னர் வந்தது. லீலில் தானியக்கம்தான் வண்டியின் நீளத்தையே தீர்மானித்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

இம்முறைக்கு உள்ளே இருந்த அரசியல் 1989இல் வெளிப்பட்டது. ஸ்ட்ராஸ்பூரில் முந்தைய நிர்வாகம் வால் திட்டத்தை ஆதரித்திருந்தது. டிராமை முன்வைத்த கத்ரீன் த்ரோத்மான் அவ்வாண்டு மேயரானார். நகர மையமான கிளெபேர் சதுக்கம் 1992இல் கார்களுக்கு மூடப்பட்டது. 1994இல் டிராம் ஓடியது. அதே 1989இல், எட்மோன் எர்வே மேயராக இருந்த ரென் நகரம் எதிர்த்திசையில் சென்று வாலைத் தேர்ந்தது. மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். நகர மையம் குறுகலானது, பழைமையானது. அதன் கீழே செல்வதே விவேகம் என்று வாதிடப்பட்டது. எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் இருந்தது: வண்டியை நிலத்தடிக்கு அனுப்புவது, மேலே உள்ள தெருவைக் காருக்கே விட்டுக்கொடுப்பதாகும். த்ரோத்மான் ஏற்ற சண்டையை வால் தவிர்க்க உதவியது என்றே நான் கருதுகிறேன். எனினும் 2002 மார்ச்சில் திறந்த ரென் மெட்ரோவை மக்கள் விரும்பி ஏற்றனர் என்பதையும் மறைக்க இயலாது. இரண்டாம் தடமும் கட்டப்பட்டது.

அந்த இரண்டாம் தடத்தில்தான் இக்கணக்கில் எழுதப்படாத செலவொன்று தெரிகிறது. மாத்ராவின் போக்குவரத்துப் பிரிவு சீமென்ஸ் கைக்கு மாறியிருந்தது. 2022இல் திறந்த புதிய தடத்தின் வண்டி அகலமானது. பாதையின் நடுவே அமைந்த ஒற்றை வழிகாட்டித் தண்டவாளத்தைப் பற்றி ஓடுவது. பழைய வண்டியோ இருபக்க வழிகாட்டிகளைப் பற்றி ஓடுவது. ஒரு தடத்தின் வண்டி மற்றதில் ஓட முடியாது. சாதாரண இருப்புப்பாதையில் எந்த நிறுவனமும் வண்டி தரலாம். இங்கே பாதை, வண்டி, கட்டுப்பாடு மூன்றும் ஒரே பூட்டுக்குள் இருக்கின்றன. லீலும் இதனை அறிந்தது. எதிர்காலத்தை எண்ணி அங்கு நடைமேடைகளை 52 மீட்டருக்குக் கட்டியிருந்தார்கள். அந்நீளத்துக்கேற்ற வண்டிகளுக்கு 2012இல் அல்ஸ்தோமுடன் ஒப்பந்தமும் ஆனது. வேறொரு நிறுவனத்தின் புதிய கட்டுப்பாட்டு முறையைப் பழைய அமைப்பின் மீது பொருத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று.

2024 தொடக்கத்தில் ரென்னின் புதிய தடத்தில் வண்டியின் இயந்திரப் பாகமொன்றில் பழுது கண்டறியப்பட்டு, சேவை பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. பழைய தடத்தின் வண்டிகள் அருகிலேயே ஓடிக்கொண்டிருந்தன. புதிய தடத்தின் பயணிகளைப் பேருந்துகள் ஏற்றிச் சென்றன. அவற்றுக்கு ஓட்டுநர்கள் இருந்தார்கள்.