செஞ்சி கல்யாண மகால்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையின் அடிவாரத்தில் நிற்கும் நாயக்கர் காலக் கட்டடம். சதுர முற்றம், அதைச் சுற்றி வளைவுகள் தாங்கிய அறைகள், அவற்றிலிருந்து அடுக்கடுக்காய்க் குறுகி எழும் பிரமிடு முடிக் கோபுரம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு சிற்றறையும் அதைச் சுற்றித் தாழ்வாரமும் உண்டு. இந்து, இஸ்லாமிய கட்டடமரபுகள் இவ்வளவு இயல்பாகக் கைகோத்த கோபுரம் தமிழகத்தில் அரிது. சுடுமண் குழாய் வழியே மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றிய ஏற்பாடு இதைவிட வியப்பானது. அரண்மனைப் பெண்கள் தங்கிய இடம் என்பது வழக்கு.

நாயக்கருக்குப் பின் பீஜப்பூர் சுல்தான்கள் கோட்டையைப் பிடித்தனர். 1677இல் சிவாஜி கைப்பற்றினார். 1698இல் நெடிய முற்றுகைக்குப் பின் முகலாயர் வென்றனர். 1714இல் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு போரில் வீழ்ந்தார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் வந்தனர். கொடிகள் மாறின, கோபுரம் நின்றது.

தஞ்சாவூர் அரண்மனைக்கு வேறு விதி வாய்த்தது. நாயக்கரும் மராத்தியரும் வாழ்ந்த அந்த மாளிகையில் 1951இல் கலைக்கூடம் அமைந்து, சோழர் செப்புத் திருமேனிகள் காட்சிக்கு வந்தன. கல்யாண மகாலில் அப்படிச் சேகரிப்பு எதுவும் இல்லை; காட்சிப்பொருள் கட்டடமே. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தளங்கள் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அவ்வரிசையின் 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே.